எல்லோர் வாயிலும் இருக்கும் கிருமி மூளைக்குப் போன வழி

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இதுதான். பெங்களூர் பீனியாவில் லேத் பட்டறையில் வேலை செய்யும் உங்கள் தம்பிக்கு 34 வயது. மூன்று வாரமாகத் தலைவலி இருந்து, ஒரு நாள் விடியற்காலையில் வலிப்பு வந்து, ஸ்ரீராமபுரத்து வீட்டிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் வலது முன்பகுதியில் சீழ்க்கட்டி தெரிந்தது. மண்டை ஓட்டில் துளையிட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்டர்மீடியஸ் என்று வந்திருக்கிறது. அது எல்லோர் வாயிலும் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாதான் என்று டாக்டர் சொன்னதும் உங்கள் குழப்பம் கூடிவிட்டது. எல்லோர் வாயிலும் இருப்பது இவனுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தது, வீட்டில் இருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா, முதலில் மைக்ரேன் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிய டாக்டர் தவறு செய்துவிட்டாரா என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. ஒட்டாது. தம்பி குடித்த டம்ளரில் குழந்தைகள் குடித்தாலும் புதிதாக எதுவும் வந்துவிடாது, ஏனென்றால் இந்த வகைப் பாக்டீரியாக்கள் அவர்கள் வாயிலும் குடியேறத்தான் போகின்றன.

நான் பெங்களூரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். நோயாளியை நேரில் பார்க்கும் டாக்டர் அல்ல, அவர் உடம்பிலிருந்து எடுத்த சீழைப் பார்க்கிறவன். ஆகவே உங்கள் தம்பியின் சிகிச்சையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. அந்தக் கிருமியைப் பற்றிச் சொல்ல முடியும்.

மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரிய இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஆஞ்சினோசஸ் குழு என்று ஒரு சிறு குடும்பம் உண்டு. ஆஞ்சினோசஸ், கான்ஸ்டெல்லேட்டஸ், இன்டர்மீடியஸ் என்று அதில் மூன்று உறுப்பினர்கள். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள இடுக்கு, தொண்டை, குடல் ஆகியவை இவற்றின் வழக்கமான இருப்பிடங்கள். பழைய டாக்டர்கள் இன்னும் இவற்றை மில்லரி என்றுதான் சொல்வார்கள். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயில் உள்ள கிருமிகள் உடம்பின் மற்ற பாகங்களில் நோய் உண்டாக்கக்கூடும் என்று 1891-லேயே எழுதியவர். 1956-இல் பல் சீழ்க்கட்டிகளிலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்த குட்ஹோஃப் என்ற ஜெர்மானியர், மில்லரின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். பெயரின் இந்தப் பின்னணியிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. பல்லின் வேரும் தொலைவில் உண்டாகும் சீழும் தொடர்புள்ளவை என்ற சந்தேகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது.

தீங்கற்ற பாக்டீரியா என்று நாம் சொல்வது அதன் குணத்தைப் பற்றிய சொல் போலத் தோன்றினாலும், உண்மையில் அது இருக்கும் இடத்தைப் பற்றிய சொல்தான். ஈறு இடுக்கில் இருக்கும்போது அதைச் சுற்றி உமிழ்நீர் ஓடுகிறது, வெள்ளணுக்கள் இடைவிடாமல் காவல் நிற்கின்றன, அக்கம்பக்கத்தில் உள்ள நூற்றுக்கணக்கான மற்ற பாக்டீரியாக்கள் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகின்றன. அதனால் அது ஒடுங்கியே வாழ்கிறது. ஆனால் கையில் கருவி இல்லாத சாது என்று அதை நினைத்துவிடக் கூடாது. இன்டர்மீடியஸ், திசுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் ஹயலுரானிக் அமிலத்தைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிறது. கூடவே இன்டர்மீடிலைசின் என்ற நச்சுப் புரதத்தையும் உண்டாக்குகிறது. மனித செல்களின் சவ்வில் துளை போடும் அந்த நச்சு, மற்ற விலங்குகளின் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களில் பெரும்பாலானவை ரத்தத்தில் புகுந்து நோய் உண்டாக்கினால், அது பெரும்பாலும் இதய வால்வில் போய் ஒட்டிக்கொள்வதால்தான். இந்தக் குடும்பமோ சென்ற இடத்தில் எல்லாம் சீழ் கட்டுகிறது. கல்லீரல், நுரையீரல் உறை, மூளை ஆகியவை அதற்குப் பழக்கமான இடங்கள்.

அப்படியானால் அது ஈறிலிருந்து மூளைக்கு எப்படிப் போனது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அக்கம்பக்கத்திலிருந்து நேரடியாகப் பரவுவது. இந்த ஊரில் நாங்கள் நெடுங்காலம் பார்த்தது பெரும்பாலும் காதுவழி வந்த கட்டிகளைத்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கும் மற்றப் பெரிய மருத்துவமனைகளுக்கும் மஞ்சள் பையில் ஸ்கேன் படங்களைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்டால், பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே காது வடியும் என்பார்கள். கன்னடத் தாய்மார்கள் ‘கிவி சோருத்தெ’ என்பார்கள். இரண்டு மொழியிலும் அதை நோயாகவே எண்ணாத தொனி இருக்கும். நடுக்காதில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய சீழ், மேலே உள்ள மெல்லிய எலும்பை அரித்து, மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்கோ பின்னால் உள்ள சிறுமூளைக்கோ போய்விடும். நெற்றி சைனஸில் சீழ் பிடித்தால் மூளையின் முன்பகுதி பாதிக்கப்படும். பதின்பருவப் பையன்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். முகத்துக்கும் மண்டைக்கும் நடுவே உள்ள சிரைகளில் பெரும்பாலும் வால்வுகள் இல்லை. அதனால் ரத்தம் இரு திசையிலும் ஓடலாம், கிருமியும் ரத்தத்தோடு போகலாம்.

இரண்டாவது வழி, ரத்த ஓட்டம். கெட்டியான ஒன்றைக் கடித்து மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் நம் எல்லோருக்கும் சிறிதளவு பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது. ஈறு வீங்கி ரத்தம் கசிகிறவர்களுக்கும் பல் பிடுங்கிக்கொள்கிறவர்களுக்கும் இது கூடுதல். கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிடங்களில் அவற்றைப் பிடித்து அழித்துவிடுகின்றன. உடம்பு முழுவதும் சுற்றித் திரும்பிய ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் புகுந்து வருவதால், அங்கும் ஒரு வடிகட்டல் நடக்கிறது. இந்த வடிகட்டியைத் தாண்டிக் குறுக்கு வழியில் ரத்தம் இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போய்விட்டால், வடிகட்டாத ரத்தம் நேராக மூளைக்கு ஏறும். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையும் குறுகலும் சேர்ந்திருந்து, அழும்போது உதடு நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு, அதாவது ஃபாலட் நோய் போன்றவை உள்ளவர்களுக்கு, மூளைச் சீழ்க்கட்டி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டிப்படுவதால், மூளையில் ஆங்காங்கே நுண்ணிய அளவில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு வாடுகிறது. ஆரோக்கியமான மூளைத்திசு கிருமிக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை, வாடிய திசுதான் இடங்கொடுக்கிறது. ஆக்சிஜன் குறைந்த அந்த இடம், காற்றில்லாமல் வாழப் பழகிய வாய்ப் பாக்டீரியாக்களுக்குப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. ரத்தவழி வரும் கட்டிகள் மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சந்திக்கும் எல்லையில், பெரிய நடுத் தமனி பாயும் பரப்பில், அதிகம் உண்டாவதும் ரத்தக் குழாய்கள் அங்கே குறுகுவதால்தான்.

உங்கள் தம்பிக்கு உதடு நீலம் பாரிக்கவில்லை, காது வடியவில்லை என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் இப்போது இரண்டு காரணங்களைத் தேடுகிறார்கள். கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் சிறு திறப்பு பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டும். வயது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுமையாக மூடுவதில்லை. பெரும்பாலோர் அதை அறியாமலேயே ஆயுள் முழுவதும் நன்றாக இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றை மூளைக் கட்டிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வது எளிதல்ல. கண்டுபிடித்தவுடன் அடைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது, நுரையீரலில் தமனியும் சிரையும் நுண்குழாய் இல்லாமல் நேரடியாக இணைந்திருக்கும் பிறவிக் கோளாறு. இது அரியது, ஆனால் மூளைக் கட்டியோடு இதற்குள்ள தொடர்பு மிக வலுவானது. இது பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். அவர்களில் பலருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வடியும், உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். உங்கள் வீட்டில் அப்பா, அத்தை, சித்தப்பா யாருக்காவது சிறு வயது முதல் மூக்கில் ரத்தம் வரும் பழக்கம் உண்டா என்று யாராவது கேட்டார்களா? கேட்காவிட்டால் நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் ஸ்கேனைவிட, சில நேரம் இந்த ஒரு கேள்வி பயன்படும்.

இவை எதுவும் இல்லாமல், காரணமே தெரியாமல் வரும் கட்டிகளும் கணிசமாக உண்டு. இங்கிலாந்தில் பிளைமவுத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூளைச் சீழ்க்கட்டியோடு சேர்க்கப்பட்ட 87 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 52 பேருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படிக் காரணம் தெரியாதவர்களின் மாதிரியில் வாய்ப் பாக்டீரியா இருப்பதற்கான வாய்ப்பு, காரணம் தெரிந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே மருத்துவமனையின் சிறு கணக்கு என்பதால் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், வேறு காரணம் தெரியாதபோது பல்லைப் பார் என்று பழைய ஆய்வகக்காரர்கள் சொல்லிவந்ததோடு இது ஒத்துப்போகிறது.

இனி அந்த முதல் டாக்டர். அவர் மேல் உங்களுக்கு உள்ள கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் முழுவதும் நியாயம் என்று சொல்லமாட்டேன். மேலை நாட்டுக் கணக்குகளில் இந்த நோய் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. தலைவலியோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. தலைவலி, காய்ச்சல், கை கால் பலவீனம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் மூளைக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். நடப்பில் அந்த மூன்றும் சேர்ந்து வருவது ஐந்தில் ஒருவருக்குத்தான். காய்ச்சலே பாதிப் பேருக்கு இருப்பதில்லை. முதல் சில நாட்களில் மூளையில் சீழ் இருக்காது, வெறும் அழற்சிதான் இருக்கும். ஒரு வாரம் போல் கழித்து நடுப்பகுதி கூழாகி, இரண்டாவது வாரத்தில்தான் சுற்றிலும் உறை கட்டத் தொடங்கும். முதல் வாரத்தில் சாதாரண சி.டி. எடுத்திருந்தால்கூடப் பெரிதாக எதுவும் தெரியாமல் போயிருக்கலாம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலைவலி, விடியற்காலை வாந்தி, குழப்பமான பேச்சு இவற்றைச் சொல்லியும் அவர் ஸ்கேன் எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு விஷயம்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கும். கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன் என்ற அறுவை மருத்துவர், 1876-இல் ஒரு சிறுவனுக்கு நெற்றியில் பட்ட காயத்துக்குப் பின் வலிப்பும் பேச்சிழப்பும் வந்ததை வைத்து, இடப்பக்க முன்மூளையில் இன்ன இடத்தில் சீழ்க்கட்டி என்று கணித்தார். அறுவைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிறுவன் இறந்த பிறகு திறந்து பார்த்தபோது அவர் சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது. பிறகு 1893-இல் அவர் வெளியிட்ட நூலில், தாம் அறுவை செய்த 19 மூளைக் கட்டி நோயாளிகளில் 18 பேர் பிழைத்ததாகப் பதிவு செய்திருக்கிறார். ஆண்டிபயாட்டிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. சீழை வெளியே எடுப்பதுதான் சிகிச்சையின் பெரும்பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்கேனில் வளையம் போல ஒளிரும் கட்டி தெரிந்தாலும் நம் நாட்டில் அது உடனே சீழ் என்று ஆகிவிடாது. காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் முட்டைகளால் வரும் நீர்க்கட்டி, புற்றுநோய் ஆகிய மூன்றும் அதே வளையத்தைக் காட்டும். எம்.ஆர்.ஐ.யில் நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் படம் ஒன்று எடுப்பார்கள். கெட்டியான சீழுக்குள் நீர் அசைய முடியாததால் வளையத்தின் நடுப்பகுதி வெள்ளை வெளேரென்று தெரியும், புற்றுநோயின் அழுகிய நடுவில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவில்லையே என்று உங்கள் உறவினர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எடுக்காததுதான் சரி. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி நெரிபட்டுவிடும் ஆபத்து உண்டு, கிருமியும் அதில் அதிகம் கிடைப்பதில்லை.

இனி என் பக்கத்து வேலை. இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் உங்கள் தம்பி அதிர்ஷ்டசாலி என்பதை அந்த ரிப்போர்ட்டே காட்டுகிறது. இரவு பதினொரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஓர் ஊழியர் சிரிஞ்சைக் கொண்டுவருவார். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல், மூடி போட்டு, ஐந்தாறு மில்லி மஞ்சள் பச்சைச் சீழ் இருந்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியில் லேசாகத் தோய்த்து, அதையும் காய்ந்துபோன நிலையில் அனுப்பினால் கோபம் வரும். மண்டையைத் துளைத்து எடுத்ததை வழியில் சாகவிடுவதா? இந்தப் பாக்டீரியாக்களில் பல காற்று பட்டாலே இறந்துவிடும். ஒரு முறை ஒரு மருத்துவமனையில் நாங்கள் அழகான சீழை எதிர்பார்த்திருக்க, அதைக் கிருமிகளைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். கல்ச்சர் செய்ய எதுவும் மிஞ்சவில்லை.

சிரிஞ்சைத் திறந்தவுடன் அறை முழுவதும் அழுகல் நாற்றம் பரவினால், காற்றில்லாமல் வாழும் ஃபியூசோபாக்டீரியம் போன்றவை கூடவே இருக்கின்றன என்று பொருள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தேய்த்து, பாக்டீரியாவை நிறம் ஏற்றிக் காட்டும் கிராம் சாயம் ஏற்றி, எண்ணெய்த் துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சிதைந்த வெள்ளணுக்களின் நடுவே ஊதா நிறத்தில் மணி கோத்தது போன்ற சங்கிலிகள் தெரியும். அரை மணி நேரத்தில் தியேட்டருக்கு போன் செய்து சொல்லிவிடலாம். பிறகு கிருமி வளர்வதற்காக ஆட்டு ரத்தம் கலந்து செய்த அகார் கூழ்த் தட்டுகளில் கோடிழுத்து, ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடு கூடிய பெட்டியிலும் மறு பகுதியைக் காற்று நீக்கிய ஜாடியிலும் வைப்போம். இரண்டு நாளில் குண்டூசி முனையைவிடச் சிறிய புள்ளிகள் முளைக்கும். மூடியை லேசாக உயர்த்தினால், ஆஞ்சினோசஸ் குழு வளர்ந்த பல தட்டுகளில், சர்க்கரையை வெண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சும்போது வரும் மணம் வரும். மூளையைத் துளைத்த கிருமிக்கு மிட்டாய் மணம் என்பது புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அசர வைக்கும். தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது இப்போதைய பாதுகாப்பு விதி, அதனால் இளையவர்கள் அந்த மணத்தை அறியாமலேயே கருவியில் வைத்துப் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பல நேரம் தட்டில் எதுவும் முளைக்காது. தலைவலிக்காரர் மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கிய ஆண்டிபயாட்டிக்கை நான்கு நாள் சாப்பிட்டிருப்பார். கிருமி சாகாமல், ஆனால் வளரவும் முடியாமல் கிடக்கும். அப்போது பாக்டீரியாவின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இதனால்தான் 2024-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், நோயாளியின் நிலை மோசமாக இல்லாமலும் 24 மணி நேரத்துக்குள் சீழை எடுக்க முடிவதாகவும் இருந்தால், எடுத்த பிறகு மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. உங்கள் தம்பிக்கு மருந்து தொடங்கச் சில மணி நேரம் தாமதித்தார்கள் என்று நீங்கள் குறைப்பட்டிருக்கிறீர்கள். அது இந்தக் காரணத்துக்காக இருக்கலாம். அந்தத் தாமதத்தால்தான் இவ்வளவு தெளிவான ரிப்போர்ட் கிடைத்திருக்கக்கூடும்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செஃப்ட்ரியாக்ஸோன், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆண்டிபயாட்டிக்குகளைச் சேர்த்துக் கொடுப்பது உலகம் முழுதும் உள்ள வழக்கம், ஆறு முதல் எட்டு வாரம். ஐந்தாம் நாளே தம்பி தலைவலி போய் எழுந்து உட்கார்ந்துவிடுவார், ஊசி போதும் என்பார். நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பாதம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை தொடங்கினால் அது மருந்தின் வேலையாக இருக்கக்கூடும், அன்றே சொல்லிவிட வேண்டும். வலிப்பு மருந்தை எப்போது நிறுத்துவது, லேத்தில் எப்போது மறுபடி நிற்பது என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓடும் இயந்திரத்தின் முன் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் வளையம் இன்னும் லேசாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். கிருமி செத்த பிறகும் அந்தத் தழும்பு மாதக்கணக்கில் ஒளிரும். அளவு சுருங்கியிருக்கிறதா, ஆள் நன்றாக இருக்கிறாரா என்பதுதான் கணக்கு.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொன்ன விஷயம். ஆறு மாதத்துக்கு முன் மேல்வரிசைக் கடைவாய்ப் பல் வலித்தது, கிராம்பு எண்ணெய் வைத்ததும் நின்றுவிட்டது என்றீர்கள். பல்லின் உள்ளே நரம்பு செத்தாலும் வலி நின்றுவிடும், வேரின் நுனியில் சீழ் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே முழுத் தாடை எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பல்லை எடுக்க வேண்டியிருந்தால், நரம்பு அறுவை மருத்துவரையும் பல் மருத்துவரையும் பேசவைத்து, ஆண்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வாரங்களுக்குள்ளேயே எடுத்துவிட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.